பென்சில்

செருப்பைக் கழற்றும்போதே எண்ணிவிடுவேன்.
வாசல் அடுக்கில் ஆறு ஜோடி.
வாட்ஸ்அப்பில் சொன்னதோ இரண்டே பேர்.
கேட்பதில்லை. முதல் நாள் நான்
வீட்டை மட்டும் பார்க்க வந்தவள்.

ஈசூன். பத்தாவது மாடி. நாலறை.
சுவரில் கை வைக்கவேண்டாம், ஈரம், என்கிறார் தனபாலன்.
நான் வருகிறேனென்று
நேற்றிரவு பதினொன்று வரை சாயம் அடித்தாராம்.
விற்க இன்னும் ஒரு வருடம் இருக்கிறது, ஐயா.
அதைச் சொல்ல வாயெடுத்து
"நல்ல நிறம்" என்றேன்.

பரிமளா மைலோ வைத்த இடத்துக்குப் பக்கத்தில்
நாட்காட்டியை விரிக்கிறேன்.
பன்னிரண்டு மாதமும் ஒரே தாளில்.
பேனா கூடாது, பென்சில்.
பேனாவால் திட்டமிட்டவர்களை
வேறு வரவேற்பறைகளில் பார்த்திருக்கிறேன்:
விற்றுவிட்டு, வாங்க வீடு அமையாமல்
தங்கை வீட்டு ஸ்டோர் ரூமில் ஐந்து மாதம்
நாற்பத்திரண்டு அட்டைப்பெட்டிகளோடு படுத்தவர்;
வாங்கிவிட்டு, விற்க ஆளில்லாமல்
மாதாமாதம் விலையை
நகம்போல் கடித்துக் குறைத்தவர்.

அதனால் கடைசியிலிருந்து தொடங்குவோம்.
"சாவி எப்போது கையில் வேண்டும்?"
"தீபாவளிக்கு முன்னால்."
ஒரு வட்டம்.
அங்கிருந்து இடப்பக்கம் எட்டு வாரம்,
அதற்கும் முன்னால் இருபத்தோரு நாள்,
அதற்கும் முன்னால்
யார் யாரோ ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து
உங்கள் குளியலறைக் குழாயைத் திறந்து பார்க்கும் இரண்டு மாதம்.
பென்சில் போகப் போக
தீபாவளி பக்கத்தில் வந்து நிற்கிறது.

"சேம நிதியில் எடுத்ததை வட்டியோடு திருப்பி வைக்கணும்."
"வட்டி யாருக்கு?"
"உங்களுக்குத்தான்."
"என் காசுக்கு நானே எனக்கு வட்டியா?"
எல்லாரும் இந்த இடத்தில் சிரிப்பார்கள்.
தொகையை எழுதிக் காட்டினதும் நிறுத்துவார்கள்.

"இந்த புளோக்கில் இப்போதைக்கு
சீனர் விழுக்காடு நிரம்பியிருக்கிறது.
எதிர்வீட்டுத் திருமதி லிம் யாருக்கும் விற்கலாம்.
நீங்கள் சீனருக்கு விற்க முடியாது.
அடுத்த முதல் தேதி மாறலாம், மாறாமலும் போகலாம்."
தனபாலன் எழுந்து போய்
எதிர்க்கதவை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தார்,
அது இவர் கதவைவிட அகலமோ என்பதுபோல.

பிறகு, எளிதென்று நினைத்து, அந்தக் கேள்வி.
"அடுத்த வீடு எத்தனை அறை?"

"மூவறை" என்றார் தனபாலன்.
"ஈரறை" என்றார் பரிமளா.
ஒரே மூச்சில்.

குளிர்பெட்டி உறுமி அடங்கியது.
"தமிழ்க்கோ வந்தா எங்க படுப்பான்?"
"வரமாட்டான்."
"பெர்த்துல ஒப்பந்தம் ரெண்டு வருஷம்தானே..."
"வீடு வாங்கிட்டான். உங்ககிட்ட சொல்லல."
பிறகு என் பக்கம் திரும்பி, சாதாரணமாக:
"வாரா வாரம் அவன் ஷூவையெல்லாம் துடைச்சு வைக்கிறார், சிஸ்டர்.
எனக்கு அங்க துணி உலர்த்தற கம்பி வைக்கணும்."

இன்றே கையெழுத்து வாங்கியிருக்கலாம்.
இரண்டு விழுக்காடு; மகளின் துணைப்பாட வகுப்புக்கு ஆகும்.
அவர்களும் போட்டிருப்பார்கள்,
அந்த அமைதியிலிருந்து தப்பிக்க
எங்கே வேண்டுமானாலும் போட்டிருப்பார்கள்.
நான் வட்டத்தை அழித்தேன்.
ரப்பர் துகளை மைலோ மூடியில் சேர்த்தேன்.
"தேதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.
இந்த ஓர் எண்ணை மட்டும்
நீங்கள் இருவரும் எழுதிவையுங்கள்."
தாளையும் பென்சிலையும் விட்டுவிட்டு வந்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு படம் அனுப்பினார் பரிமளா.
வட்டம் அடுத்த ஆண்டு மார்ச்சுக்கு,
தாளின் விளிம்பையும் தாண்டி, மேசை மேலேயே போயிருந்தது.
அறைகளுக்கான கட்டத்தில் எண் இல்லை.
எழுதி அழித்து எழுதி அழித்து
அந்த இடத்தில் தாள் கிழிந்திருந்தது.
இரண்டு கையெழுத்தா ஒன்றா என்று
பெரிதாக்கிப் பார்த்தும் தெரியவில்லை.

இன்னொரு தாள் அச்சடித்தேன்.
புதன்கிழமை, ஏழரை மணி.