அறிந்தும்

காலா ஆலயத்தில் தமிழுக்கு ஒதுக்கியது
ஒன்பதே முக்காலிலிருந்து பதினொன்றரை.
எங்களுக்கு முன்னால் மலையாளம், பின்னால் உருது.
உட்காரும்போது நாற்காலியில்
இன்னொரு மொழியின் சூடு இருக்கும்.

இராப்போஜனத்துக்கு முன்
பாஸ்டர் ஞானசிகாமணி ஒரு நிமிடம் தருவார்,
அவரவர் உள்ளே பார்த்துக்கொள்ள.
நாற்பதாவது விநாடியில் இருமிவிடுவார்.
எனக்குத் தெரியும். என் வேலை டைம்கீப்பர்.

பதினோரு வருடமாக அந்த நாற்பது விநாடிக்கு
ஒரே ஜெபம் வைத்திருந்தேன்:
நாங்கள் அறிந்தும் அறியாமலும் செய்த...
தேய்ந்த சோப்பு மாதிரி, கையில் நிற்காது.
அதில் ‘நாங்கள்’ என்று ஒரு கூட்டம்,
குரூப் போட்டோவில் பின்வரிசையில் நான்,
பாதி முகம்.
‘அறியாமலும்’ என்று ஒரு கதவு,
எப்போதும் ஒருக்களித்தபடி.

அந்த வெள்ளிக்கிழமை ஏசி நின்றுபோனது.
பாஸ்டர் இருமவில்லை.
பழக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்தேன்.
பத்து நாற்பது.
மனம் பத்தரை என்று படித்தது.

சைட்டில் சாரத்திலிருந்து கடைசி ஆள் இறங்குவது
ஐந்து நாற்பதுக்கு.
தாளில் நான் எழுதுவது ஐந்தரை.
யாரும் சொல்லித் தரவில்லை, மேனேஜர் கேட்கவுமில்லை.
ஓவர்டைம் குறைந்த முதல் மாதம்
நிமிர்ந்து பார்த்து ‘குட்’ என்றார்.
அந்த ஒரு சொல்லுக்குத்தான்.
ஒரு பைசாகூட என் பைக்கு வரவில்லை,
அதையே நீதி என்று வைத்திருந்தேன் இத்தனை காலம்.
சபையின் காணிக்கை எண்ணுவதும் நான்தான்.
ஐந்து பைசா உதைத்தால்
இரவு பத்து மணிவரை உட்கார்ந்து தேடுவேன்.

தட்டு வந்தது.
‘பிடிங்க அண்ணாச்சி’ என்றான் பக்கத்தில் தங்கத்துரை.
விழாத பேனாவைத் தேடிக் குனிந்துகொண்டேன்.

சாயங்காலம் மிஸ்ஃபா கேம்ப்.
தில்பகதூர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான்.
வழியெல்லாம் ஒத்திகை பார்த்த இந்தி
வாயைத் திறந்ததும் ‘கல்தி ஹோ கயா’ என்றது.
தப்பு ஆகிவிட்டதாம்,
மழை பெய்வதுபோல், தானாக.
நிறுத்தி, மறுபடி தொடங்கினேன்.
நான். உன் நேரத்தை. திருடினேன்.

கத்தி நிற்கவில்லை.
‘தெரியும் பாய். பஸ்ஸில் எல்லோருக்கும் தெரியும்.’

ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், மாதம் இருபத்தாறு நாள்,
அவன் வந்து பதினாறு மாதம்.
நாற்பத்தொரு ரியால், அறுநூறு பைசா.
கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினான்,
இரண்டு தரம் எண்ணினான்.
மன்னித்தேன் என்று சொல்லவில்லை.
உட்கார் என்றும் சொல்லவில்லை.
‘மத்தவங்க?’ என்றான்.

மற்றவர்கள் நூற்றெண்பத்தாறு பேர்.
நாற்பது பேருக்குமேல் ஊருக்குப் போய்விட்டார்கள்,
ஒருவன் பெட்டியில்.
போனில் கிரேனாப்பிடம் சொன்னேன்,
மாடி இப்போதைக்கு எழும்பாது என்று.
ஏன் என்றாள்.
பதில் சொல்ல
கார்டில் இருந்த காசு முழுதும் போயிற்று.
கடைசியில் அவள் அழுதாளா
லைன் போயிற்றா தெரியவில்லை.

சனிக்கிழமை தாளில் 5.40 என்று எழுதினேன்.
நான்கு கோணிக்கொண்டு நின்றது,
புதிதாக எழுதப் பழகுகிறவன் போட்ட நான்கு.

மாதக் கடைசியில் மேனேஜர் கூப்பிட்டார்.
ஓவர்டைம் ஏன் ஏறியிருக்கிறது?
சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். சத்தியமாக.
அவர் மேசைமேல் என் விசா புதுப்பிக்கும் பாரம்
கையெழுத்துக்குக் கிடந்தது.

‘என் வாட்ச் ஸ்லோவாக ஓடியிருக்கிறது சார்,
சரிபண்ணிவிட்டேன்.’

வாட்ச்சில் ஒரு கோளாறும் இல்லை.

நாளை வெள்ளி.
‘அறியாமலும்’ என்பதை அடித்துவிட்டேன்.
‘நாங்கள்’ போய்விட்டது.
மிச்சம் இருப்பது மிகவும் சின்ன ஜெபம்,
அதற்குள் புதிதாக இன்னொன்று,
அறிந்தே செய்தது.