வான் உள்ள கோழி

இந்த ஊரில் மயில் கிடையாது.
ஆகவே அவன் ஆடுவது யாரையும் பார்த்து அல்ல.
காலை ஏழு மணிக்கு, கல் மதிலோரம்,
வாலை விசிறியாக்கி, சிறகு நுனியால் மண்ணைக் கீறி,
முகம் ஒரு நிமிடம் நீலம், மறு நிமிடம் ரத்தச் சிவப்பு.
அலகின் மேல் தொங்கும் சதைத் துணுக்கு
வேகம் வந்தால் நீளும்.
"நல்லவேளை, எனக்கு அப்படி ஒன்று இல்லை" என்பாள்
ஒடேட் மெடைரோஸ், தீவன வாளியைத் தட்டியபடி.

இனத்துக்கு நராகன்செட் என்று பெயர்.
எதிரே கிடக்கும் விரிகுடாவுக்கும்,
அதன் கரையில் முன்பும் இன்றும் வாழ்கிற மக்களுக்கும்
அதே பெயர்.
மழைக்கு முந்தைய கடலின் சாம்பல், கறுப்புக் கரை.
வெண்கலம் ஒரு துளி மின்னினாலும்
ஒடேட் அதை அடுத்த தலைமுறைக்கு விடமாட்டாள்.

பெரும் பண்ணைகளின் வெள்ளைப் பறவைகளுக்கு
நெஞ்சு கனத்து, தானாகக் கூடவும் முடியாது.
பெயரிலிருந்து வான் கழன்று
வெறும் கோழியாக நிற்கின்றன.
இவளுடையவை பறக்கும்.
வழக்கே அதுதான்.

அக்டோபரில் ஒரு மாலை
முப்பத்தொன்றும் எழும்பிப் போய்
அடுத்த வீட்டு வென்டல் டிரிப்பின் சிப்பிப் படகில் இறங்கின.
குளிர்காலத்துக்குக் கரையேற்றி
வெள்ளைப் பிளாஸ்டிக்கால் இறுக்கி மூடிய படகு.
விடிந்தபோது உறை முழுக்க எச்சம்,
வலப்பக்கம் முழ நீளக் கிழிசல்.

டிரிப் மதிலுக்கு வந்தார். திட்டவில்லை.
"அதோ, இடது சிறகில் வெள்ளைக் கோடு அகலமானவன்.
கிழித்தது அவன்தான்.
நன்றி நாளுக்கு அவனை எனக்கு எழுதிக்கொள்.
ராத்தல் பன்னிரண்டு டாலரா? இருக்கட்டும்,
பழி வாங்க விலை பார்க்கக் கூடாது."
எழுதிக்கொண்டாள்.
தின்ன ஆள் இருக்கும்வரைதான் இந்த இனம் மிஞ்சும்.
வாங்குகிறவரிடம் காரணம் கேட்க முடியுமா?

நவம்பர் இருட்டில் தலையில் விளக்கைக் கட்டி
ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தாள்.
தூங்குகிற பறவை, உப்பிய ரொட்டி மாவு மாதிரி
சூடாகக் கனக்கும்.
கட்டைவிரலால் நெஞ்செலும்பைத் தடவினாள்.
கோணலா, நேரா, முதுகு அகலம் போதுமா.
இருக்கப்போவதற்கு நீல வளையம்.
போகப்போவதற்கு ஒன்றும் இல்லை.
வெள்ளைக் கோட்டுக்காரன் வந்தபோது
விரல் நின்றது.
படகின் அடிமரம் போல நேர்.
பதினொரு வருஷத்தில் இப்படி ஒன்று கைக்கு வரவில்லை.
நீல வளையங்கள் பையில் உரசின.
டிரிப்பின் ஐம்பது டாலர் முன்பணமும்
அதே பையில்.

வியாழக்கிழமை டிரிப் தின்றார்,
தங்கையும் அவள் பிள்ளைகளும் தின்றார்கள்.
இரவு தொலைபேசியில் சொன்னார்:
"சும்மா சொல்லக் கூடாது. போக்கிரிப் பயல், ருசியான பயல்."
ஒடேட் "உம்" என்றாள்.
அந்த உம்முக்குள்
ஒரு முழுப் பறவை மூச்சடக்கி இருந்தது.

ஞாயிறு காலை, முதல் பனி.
ஒட்டுப் போட்ட உறையின் உச்சியில்
இடது சிறகில் வெள்ளைக் கோடு.
டிரிப் காபிக் கோப்பையோடு வெளியே வந்தார்.
பார்த்தார்.
இந்தப் பக்கம் சன்னலில் அவளும் பார்த்தாள்.
ஒரு காபி ஆறுகிற நேரம்.
"ஒன்றைப் போலவே ஒன்று இருக்கும்போல" என்று
காற்றிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஏப்ரல் கடைசியில்
மற்றப் படகெல்லாம் தண்ணீரில்.
டிரிப்பின் படகை இழுக்க வந்த வண்டி
வெறும் கொக்கியோடு திரும்பியது.
அடிமரத்துக்குக் கீழே, பழைய கயிற்றுச் சுருளில்,
ஒரு பெட்டை. பதினான்கு புள்ளி முட்டை.
குனிந்தவரைப் பார்த்துப் பாம்பாகச் சீறியது.
எத்தனை நாள்?
இருபத்தெட்டு.
எப்போது உட்கார்ந்தது?
நேற்றுதான்.
டிரிப் விரல் விட்டு எண்ணினார்,
சிப்பி விலையைச் சொன்னார்,
கெட்ட வார்த்தை ஒன்றும் சொன்னார்,
பிறகு காற்று வரும் பக்கமாக
ஒரு பலகையைச் சாய்த்து வைத்தார்.

மே மாதம் முழுக்க
மேலே அவன், கீழே அவள்,
நடுவில், தண்ணீர் காணாமல்,
இருபத்தாறு அடி படகு.