வராத ஒலி

பெர்ன். நவம்பர்.
ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஜன்னலில்லாத ஓர் அறை.
அறுபத்து நான்கு கம்பிகள் முளைத்த தொப்பியை
என் தலையில் இழுத்து மாட்டினார் ரெகுலா ஏபிஷர்.
கம்பிக்குக் கம்பி குளிர்ந்த பசை.
கண்மணியைப் பார்த்தபடி ஒரு கேமரா.
"பல்லைக் கடிக்காதீர்கள். வேறொன்றும் செய்ய வேண்டாம்."
வேறொன்றும் செய்யாமலிருக்க
மணிக்கு இருபத்தைந்து பிராங்க்.

காதுக்குள் டொக். டொக். டொக். டொக்.
எப்போதாவது ஒரு டிக்.
நொடியைப் பத்தாக நறுக்கினால்
மூன்றாம் துண்டு முடிவதற்குள்
அந்த டிக்குக்கு என் கோடு மேடேறி இறங்குமாம்.
வியப்புக்குக் கணக்கு இருக்கிறது என்றார்.
வருமென்று உறுதியாயிருந்தது வந்தால் பூச்சியம்.
பாதி வாய்ப்புள்ளது வந்தால் ஒன்று.
அதில் பாதிக்கு இரண்டு.
வாய்ப்பு பாதியாகப் பாதியாக
வியப்பு ஒவ்வொன்றாய்க் கூடும்.

இரவெல்லாம் தபால் பிரிக்கிறவன், விளங்கியது:
எட்டாயிரம் பில்லுக்கு நடுவே
கையால் எழுதிய ஒரு முகவரி.

பிறகு
டொக். டொக். டொக்.

டொக்.

"இங்கே பாருங்கள், நான் எதையும் ஒலிக்கவில்லை"
என்று திரையைத் தொட்டார்.
வராததன் இடத்தில்
சின்னதாய் ஒரு மேடு.
இல்லாத படியில் தடுக்கியிருக்கிறேன்.

வியாழன், எனக்கு லீவு.
விடிகாலை ஐந்தரைக்கு விழித்துக்கொண்டேன்.
அலாரம் இல்லை, கனவும் இல்லை.
மேல்மாடி லுகின்பூல் இருமவில்லை.

ஏழு வருடமாக ஐந்தரைக்கு
கூரையை அறுத்துக்கொண்டு இறங்கும் இருமல்.
முதல் வருடம் சபித்தேன்.
பிறகு அதனூடே தூங்கப் பழகினேன்.

ஐந்து முப்பத்தைந்து.
நாற்பது.
கணக்குப் போடப் பார்த்தேன், வரவில்லை.
வெறுங்காலைச் சப்பாத்துக்குள் திணித்து
மேலேறித் தட்டினேன்.
ஒவ்வொரு தட்டுக்கும்
கதவு திறக்கும் வாய்ப்பு பாதியாகிக்கொண்டிருந்தது.

நான்காவதுக்குத் திறந்தார்,
வாய் நிறையப் பற்பசை நுரை.
"இருமல்..." என்றேன்
நெஞ்சைத் தொட்டுக் காட்டி.
"சிகரெட்டை விட்டு மூன்று வாரம்" என்றார்.
ஏழு வருடத்தில் முதல் பேச்சு.
அடுத்து என்ன சொல்வதென்று
இருவருக்கும் தெரியவில்லை.

துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டார்,
"அது உங்களுக்குக் கேட்குமா?"

கண்மணி இரண்டும் விரிந்தன.
படிக்கட்டு விளக்கு இன்னும் அணையவில்லை.
ஆகவே
அது இருட்டினால் அல்ல.