இருபத்தைந்து நிமிடம்

ஜனவரியில் த்ரோம்ஸோவில் விடிவதில்லை.
காலை எட்டு மணி என்பது
சுவர்க்கடிகாரம் கிளப்பிவிடும் வதந்தி.
விளக்கைப் போடுகிறேன், பம்பைப் போடுகிறேன்,
உப்புநீர் முப்பத்தேழு டிகிரிக்கு ஏறும்வரை
கறுப்புக் காப்பி.

நாற்பத்தொன்றாம் எலி
பதினாறு வாரம் பன்றிக்கொழுப்பு தின்றது.
அந்தத் தீனிக்கு நீலச்சாயம் கலந்திருக்கும்,
நாங்கள் கை தவறி மாற்றிப் போடாமலிருக்க.
முப்பத்தெட்டுக்குச் சோளமும் தவிடும்.
இரண்டையும் கேட்டுப் பரிமாறவில்லை.

இப்போது இரண்டின் இதயமும்
உடம்பில்லாமல் என் முன்னே தொங்குகின்றன,
கண்ணாடிக் குழாயில், பட்டுநூல் முடிச்சில்,
கட்டைவிரல் நுனி அளவில்.
துடிக்கின்றன.
யாருக்காக என்று கேட்கத் தோன்றும், முதல் வருடம்.
பிறகு தோன்றாது.

ஊட்டுநீரில் சர்க்கரையும் உண்டு, கொழுப்பும் உண்டு.
இதயம் முதலில் கொழுப்பில்தான் கைவைக்கும்.
உங்களுடையதும் அப்படித்தான்,
இந்த வரியைப் படிக்கும்போதுகூட.
கொழுப்பு புளியங்கட்டை மாதிரி, நின்று எரியும்.
ஆனால் காற்று கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும்.
காற்று இருக்கிறவரை
அதை யார் கணக்குப் பார்க்கிறார்கள்?

ஒன்பது நாற்பதுக்குப் பம்பை நிறுத்தினேன்.

இருபத்தைந்து நிமிடம் செய்வதற்கு ஒன்றுமில்லை.
துடிப்பு தளர்ந்து, நின்று,
இரண்டும் வெளிறித் தொங்கின.
நான் அண்ணனை நினைத்துக்கொண்டிருந்தேன்.
ஸென்யா தீவில் படகு வைத்திருக்கிறான், ஓஸ்முண்ட்.
அவனுக்குக் கொழுப்பு, இரண்டு அர்த்தத்திலும்.
காட் மீன், அதன் ஈரல், அதன் சினை,
மூன்றையும் ஒரே தட்டில் குவித்து
ஈரலெண்ணெயை உருளைக்கிழங்கால் துடைத்துத் தின்பான்.
போன வாரம் படகேணியில் மூன்றாம் படியில்
யாரோ நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது மாதிரி இருந்ததாம்.
"திரும்பிப் பார்த்தேன் குன்வோர், ஒருத்தரும் இல்லை."

பத்து ஐந்து. பம்ப்.

முப்பத்தெட்டு உடனே எழுந்தது,
இரண்டு அடி அடித்தது,
பிறகு புழு நிறைந்த பையைப் போல
நெளிந்தது, நெளிந்துகொண்டே இருந்தது.
நாற்பத்தொன்று
நான்கு நிமிடம் கல்.
அப்புறம் ஓர் ஓரம் சிலிர்த்தது.
அரைமணியில் பழைய பலத்தில்
நூற்றுக்கு எண்பது.

தார்யெய் வந்து திரையைப் பார்த்தார்.
"நீங்கள் முடிச்சைச் சரியாகப் போட்டீர்களா?"
போட்டேன்.
"குழாய்களை மாற்றி எழுதியிருப்பீர்களோ?"
இல்லை.
அவருடைய வரைபடத்தில் அந்தப் புள்ளி
வரிசையில் நிற்காத பிள்ளை போலத் தனியே நின்றது.
அழிக்கவில்லை. பெருமூச்சு விட்டார்.

அன்றிரவு ஓஸ்முண்டிடம் தொலைபேசியில்
வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

வியாழக்கிழமை மருத்துவமனையில்
மார்பு மழித்துப் பத்து ஒயர் ஒட்டி
நகராத சைக்கிளில் ஏற்றினார்கள்.
ஆறு நிமிடம் விசில் அடித்துக்கொண்டே மிதித்தான்.
நர்ஸ் சுமையைக் கூட்டினாள்.
விசில் நின்றது.
இன்னொரு முறை கூட்டினாள்.
காகிதத்தில் கோடு
நனைந்த கயிறு மாதிரித் தொய்ய ஆரம்பித்தது.
எனக்கு அந்தத் தொய்வு தெரியும்.

அவன் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினான்,
உதடு நீலம்.
"நீலத்தீனி தின்ற எலி,"
மூச்சு,
"பிழைச்சுது,"
மூச்சு,
"நீதானே சொன்னே."

நான்தான் சொன்னேன்.
அந்த நீலக் கூண்டுகளில் இருபது எலிகள்.
மற்ற பத்தொன்பதை அவனும் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

"போதும், நிறுத்துங்கள்," என்றாள் நர்ஸ்.
அவன் கால் இன்னும் இரண்டு சுற்று மிதித்தது.
சன்னலுக்கு வெளியே பகல் பன்னிரண்டு,
ஒரு மணி நேரத்துக்கு மட்டும் வரும்
அந்த ஊதா வெளிச்சம்.
நான் கடிகாரத்தைப் பார்த்துவிட்டேன்.
பழக்கதோஷம்.