குளிர்வாடகை

வீட்டு விளம்பரங்களில் இன்றும் வரும் சொல்:
கால்ட்மீட்டே. குளிர்வாடகை.
சூடேற்றும் செலவு சேராத தொகை.
எங்கள் நிலவறையில் சூடும் இல்லை, வாடகையும் இல்லை,
ஆகவே பேண்டின் பெயரில் பாதி பொய் என்றான் ஃபோல்க்மார்,
பீர் புட்டியைப் பல்லால் திறந்தபடி.
மீதிப் பாதி போதும் என்றாள் ஸில்கே.

வுப்பர்டால், எண்பத்தாறு.
நாடா நெய்து மூடிய ஆலை.
பூட்டுடைத்துப் புகுந்தவர்கள் பதினொரு பேர்.
பன்னிரண்டாவது நான்,
அகதி விடுதியில் தூக்கம் வராமல்
சத்தம் வந்த பக்கமாய் நடந்தவன்.
ட்ரம்ஸுக்கு ஆள் இல்லை என்றார்கள்.
எனக்கு அடிக்கத் தெரியாது என்றேன்.
நல்லது, எங்களுக்கும் வாசிக்கத் தெரியாது.
முதல் பாட்டு நாற்பத்தொரு விநாடி.
அதற்குள் வேர்த்துவிட்டது,
ஜெர்மனிக்கு வந்தபின் முதல் தடவை.

சட்டைக்கு அச்சு வெட்டியதும் நான்தான்,
பால் பெட்டி அட்டையில், சவர பிளேடால்.
அவர்களுடைய 'எல்' வரும் இடத்தில்
கை தன் பழக்கத்துக்குப் போய்விட்டது:
நிமிர்கோடு குட்டை, அடிக்கோடு நீளம்.
'ட'.
ஒருவரும் கவனிக்கவில்லை.
மை காயுமுன் விற்றோம், இரண்டு மார்க்.

தொண்ணூற்றொன்றில் கொலோனிலிருந்து ஒருவர் வந்தார்.
மழைக்கோட்டு, மரியாதை, எட்டுப் பக்க ஒப்பந்தம்.
ஸில்கே எட்டையும் நின்றபடி வாசித்தாள்.
பிறகு நான்காய் மடித்து
என் பேஸ் ட்ரம்மின் காலடியில் செருகினாள்.
வருஷக்கணக்காய் வழுக்கிக்கொண்டிருந்தது அது.
நல்ல தடித்த தாள். அன்றிரவு வழுக்கவில்லை.
வந்தவர் கடைசிவரை நின்று கேட்டார்,
பத்து மார்க் கொடுத்திருந்தார்,
மிச்சம் ஐந்தைக் கேட்காமல் போனார்.

ஐந்துக்கு மேல் நாங்கள் வாங்குவதில்லை.
முதுகுக்குப் பின்னால் பீர் கம்பெனியின் துணி தொங்கினால்
மேடை ஏறுவதில்லை.
டோர்ட்மண்டில் தொங்கியது.
கார்கள் நிறுத்துமிடத்தில் வாசித்தோம்,
ஜெனரேட்டரில் டீசல் தீரும்வரை.
இப்படிச் சொன்னால் வீரம் போல இருக்கிறது.
வேனை வீடு சேர்க்கக் காசில்லாமல்
முதலாளியிடம் முன்பணம் கேட்டேன்.
அந்த இரவுக்காக ஐந்து வாரம் தட்டுக் கழுவினேன்.

போன வருஷம், எல்பர்ஃபெல்டில், ஒரு கண்ணாடிக் கடையில்
எங்கள் சட்டை.
முப்பத்தொன்பது யூரோ தொண்ணூறு சென்ட்.
யாரும் உடுத்துமுன்பே பழசாக்கி,
தோளில் அளந்து வைத்த கிழிசலோடு.
நெஞ்சுப் பக்கத்தை விரித்துப் பார்த்தேன்.
இருந்தது. என் 'ட'.
பிளேடு வழுக்கிய கோணல்கூடக் குறையவில்லை.
ஏதோ ஊரில் ஏதோ யந்திரம்
பத்தாயிரம் தடவை தமிழ் எழுதியிருக்கிறது.
முதலில் சிரிப்புத்தான் வந்தது.

கையெழுத்துப் போட்டது ஃபோல்க்மார்.
எங்களைக் கேட்கவில்லை. ஆறாயிரம் யூரோ.
மேல்வரிசைப் பல் முழுதும் போய்விட்டிருந்தது அவனுக்கு,
கஞ்சி குடித்தே ஒரு குளிர்காலம்.
ஸில்கே அவனோடு பதினான்கு மாதம் பேசவில்லை.
நான் பேசினேன்.
பேசினேன் என்று அவளிடம் சொல்லவில்லை.

ஆலை இப்போது அடுக்குமாடி வீடுகள்.
சூடு சேர்த்த வாடகை ஆயிரத்து நானூறு.
நிலவறையில் சைக்கிள்கள்.
மூன்றாம் மாடிப் பெண் சாவி தந்தாள், பெயர் நெலே,
அவளுடைய பேண்டுக்கு இன்னும் பெயர் இல்லை,
முதலில் அவர்கள் வாசிக்கட்டும் என்றோம்.
வாசலில் ஒரு டப்பா. ஐந்து யூரோ.

ஃபோல்க்மார் படியிறங்கி வந்தான்.
பேஸ் கிடாரை மாட்டி, சுருதி பார்க்காமல் நின்றான்.
ஸில்கே கைபேசி வெளிச்சத்தை அவன் முகத்தில் அடித்தாள்.
வாயைத் திற.
திறந்தான்.
பத்தாயிரம் சட்டை அங்கே
வெள்ளையாய், வரிசையாய்.
கடிக்குமா?
கடிக்கும்.
அப்போ கத்து.

குச்சிகளை நான்கு தடவை தட்டினேன்.