இரண்டு பித்தளைத் திருகுகள்

கோட்காவில் கடல் கெட்டியாகிக் கிடந்த பிப்ரவரி.
சறுக்குவண்டியில் கம்பளி சுற்றி,
பிள்ளையை இழுத்து வருவதுபோல் இழுத்து வந்தார்
உர்ப்போ கானெர்வா.
பிரித்தேன். ட்ரம் மெஷின்.
மரமென்று நம்பச் சொல்லும் காகிதம் ஒட்டிய பெட்டி,
பல் நிறத்தில் பொத்தான்கள்:
வால்ஸ், டாங்கோ, ஃபாக்ஸ்ட்ராட், போஸா நோவா.
எங்கள் ஹும்ப்பாவுக்குப் பொத்தான் கிடையாது.
செய்தவர்கள் ஜப்பானில் இருந்தார்கள், அவர்களுக்கு எப்படித் தெரியும்.

"எழுபத்தெட்டில் இது என் வயிற்றில் அடித்தது."
அக்கார்டியன் வாசித்த தாவெத்தி வாங்கி வந்தாராம்.
சம்பளம் கேட்காது, குடிக்காது,
வேனில் ஓர் இருக்கை மிச்சம்.
உர்ப்போ காகித ஆலைக்குப் போனார். முப்பது வருடம்.
போன மாதம் தாவெத்தி செத்தார்.
வேறு யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல்
மகள் இதை இவரிடம் கொடுத்துவிட்டாள்.

"உடைக்கவா?" என்றேன். சுத்தியலும் வைத்திருக்கிறேன்.
"திருத்த."

உள்ளே தோலும் இல்லை, கட்டையும் இல்லை.
பெரிய மேளம் என்பது
தட்டிவிட்டால் கொஞ்சம் ஆடி அடங்கும் ஒரு சுற்று.
சிறிய மேளத்தின் சரசரப்பு
தலைகீழாய் மாட்டிய ட்ரான்சிஸ்டரின் முணுமுணுப்பு.
சிம்பலும் அதே முணுமுணுப்புதான், மேல்பாதி மட்டும்.

முதல் நாள் வீங்கிய கெபாசிட்டர்கள் ஏழை மாற்றினேன்.
இரண்டாம் நாள் ஒரு ரெசிஸ்டரைப் பிடுங்கிக் குமிழ் வைத்தேன்:
டுப் என்றது டூம்ம் என்றானது,
இன்னும் திருகினால் அடங்கவே அடங்காமல்
பனிக்குக் கீழே கப்பல் போகிற மாதிரி.
அது என் ஆசைக்கு. அவர் கேட்டது வேறு.

"டாங்கோவில் நாலாவது அடிக்கு நான் பிந்துவேன்.
வேண்டுமென்றே.
ஆடுகிறவர்கள் அந்த இடைவெளியில்தான்
ஒருவரையொருவர் பார்ப்பார்கள்.
தாவெத்திக்கு அது பிழை.
அந்தப் பிழைதான் என் பிழைப்பு என்று
எத்தனை தடவை சொல்வது அவனுக்கு?"

வேகத்தை முடிவுசெய்யும் இடத்தை
ஈர விரலால் தேடினேன்.
மின்சாரம் நுழையும் மூலையை மட்டும் தொடக் கூடாது,
மற்ற இடமெல்லாம் பன்னிரண்டு வோல்ட், சாக மாட்டேன்.
ஓரிடத்தில் டாங்கோ தள்ளாடியது.
அழுத்தினால் இழுத்தது, எடுத்தால் ஓடியது.
நிரம்ப வேண்டிய மின்னில் கொஞ்சம்
என் தோல் வழியே கசிந்துகொண்டிருந்தது.
அங்கிருந்து இரண்டு கம்பிகளை மூடிக்குக் கொண்டுவந்து,
பழைய படகு ஜன்னலொன்றின் பித்தளைத் திருகுகளில் கட்டினேன்.

வந்தார். தொட்டார்.
டாங்கோ சிப்பாய் நடையில் போய்க்கொண்டேயிருந்தது.
நான் தொட்டேன், பிந்தியது.
அவர் தொட்டார், ஒன்றுமில்லை.
ஏமாற்றிவிட்டாயே என்பதுபோல் பார்த்தார்.
ஈரத்தையெல்லாம்
முப்பது வருடம் காகிதம் குடித்துவிட்ட விரல்கள்.
"வேறு ரெசிஸ்டர் போட்டால்..." என்று இழுத்தேன்.
"பொறு."
நோட்டு எண்ணுகிறவர் மாதிரி
நாக்கில் விரலைத் தொட்டு வைத்தார்.

ஒன்று, இரண்டு, மூன்று,
பிறகு எதுவுமில்லை,

நாலு.

நான் தொட்டபோது வந்த தாமதம் வேறு. அது வெறும் தாமதம்.
கடையில் ஆட யாருமில்லை.
அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்,
அடுத்த சுற்றிலும்.

ரசீதில் 'பழுது நீக்கம்' என்று எழுதி, அடித்து,
'பழுது சேர்ப்பு, நாற்பது யூரோ' என்றெழுதினேன்.
முப்பத்தைந்தும் புகைபோட்ட மீன் ஒன்றும் தந்தார்.
எச்சில் பட்டால் பித்தளை பச்சை பிடிக்கும்,
துடைத்து வையுங்கள் என்றேன்.
கயிற்றைத் தோளில் போட்டபடி
"பிடிக்கட்டும்" என்றார்.