முனையில்லாத எழுத்து

குவோப்பியோ நகராட்சியின் பலகைக் கூடத்தில்
இர்யா வரைந்த எழுத்துக்கு
முனையே கிடையாது.
கொழுகொழுவென்று, கன்னம் உப்பி,
இப்போதுதான் தூங்கி எழுந்ததுபோல.

மழலையர் பள்ளிக் கதவில் முதலில் நின்றது.
ஓடிவந்து அதில் மோதினாலும்
நெற்றி புடைக்காது என்று தோன்றும்.
பல் மருத்துவர் கேட்டார். ஐஸ்கிரீம் வண்டி கேட்டது.
கடன் கொடுக்கும் நிறுவனமும் கேட்டது,
வட்டி விகிதம் எழுத.
அன்று மட்டும் கொஞ்சம் யோசித்தாள்.
கொடுத்துவிட்டாள்.

பனி கொட்டும்போதும் தூரத்திலிருந்து படிக்கலாம்.
பொடியாக அச்சடித்தால்தான்
வயிறு அடைத்துக்கொண்டு
பிசைந்த மாவாகிவிடும்.

ஏப்ரலில் ஏரிக்கரைக்கு ஒரு பலகை:
'வலுவிழந்த பனிக்கட்டி'.
அவர்கள் மொழியில் பனிக்கட்டிக்கு மூன்றே எழுத்து,
தலைமேல் நான்கு புள்ளி.
இர்யா கையில் அவை
சட்டைப் பொத்தான்கள் ஆயின.
பள்ளி விட்டு வந்த பையன்கள்
பலகையைக் கட்டிக்கொண்டு படம் எடுத்தார்கள்,
பிறகு ஏரிக்குள் நடந்தார்கள்.

முழங்கால்வரைதான் நனைந்தது, நீலோவுக்கு.
பூட்ஸ் ஒன்று இன்னும் உள்ளே கிடக்கிறது.

மறுநாள் வேறு பலகை வெட்டினாள்.
ஒல்லியாக, கோணம் கோணமாக,
புள்ளிகளைச் சதுரமாக.
தகர விளிம்பு விரலைக் கீறியது.
"இப்போது சரி" என்றாள்.

பழையதில் முன்சொல்லை அறுத்து எறிந்தாள்.
எஞ்சிய மூன்றெழுத்துக்கு
அங்கே இன்னொரு பொருள் உண்டு:
தங்குகிறது.

மழலையர் பள்ளியில்,
ஐந்து மணிக்கு மேலும்
யாரும் கூட்டிப்போக வராத பிள்ளைகள்
உட்காரும் பெஞ்சின்மேல்
அதை மாட்டியிருக்கிறாள்.
தாழ்வாக. கைக்கு எட்டும்படி.